‘மற்றவை’ என்றொரு மீன் இல்லை

எங்கட கடல் எண்டு நாங்கள் கனகாலமாகச் சொல்லிக்கொண்டு வாறம். மேடையிலும் சொல்லுறம், முகநூலிலும் சொல்லுறம். இந்திய இழுவைப் படகு பிடிபட்ட செய்தி வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுறம். சரி, அந்தக் கடலில் என்ன மீன் இருக்கு எண்டு எங்கட வயதுக்காரர் பத்துப் பேரிட்டைக் கேட்டுப் பாருங்கோ. அறக்குளா, பாரை, விளை, சூடை, நண்டு, இறால் எண்டு விரல் மடிப்பினம். நண்டும் இறாலும் மீனே இல்லை. ஆறில் ரெண்டு அதிலேயே போச்சு.

இலங்கையைச் சுற்றியுள்ள கடல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீனினங்கள் பதிவாகியிருக்கின்றன. அதில் எங்களுக்கு நாலு தெரியும். பொது அறிவுப் போட்டி எண்டால் சிரிச்சுப்போட்டு விட்டுவிடலாம். ஆனால் ஒரு கடலுக்கு உரிமை கோருகிற சமூகத்துக்கு அந்தக் கடலில் யார் யார் குடியிருக்கினம் எண்டே தெரியாவிட்டால், அந்த உரிமைக் கோரிக்கை எதைப் பற்றியது? தண்ணியைப் பற்றியதோ? எல்லைக்கோட்டைப் பற்றியதோ?

“மீன் குறைஞ்சு போச்சு” என்ற வசனம் எல்லா இடமும் கேட்கிறது. மீனவர் சங்கக் கூட்டத்தில் கேட்கிறது, பாராளுமன்றத்தில் கேட்கிறது, மதியச் சாப்பாட்டில் கறியைப் பார்த்து அம்மாவும் சொல்லுறா. இந்த வசனத்தோடுதான் எங்களுக்குச் சண்டை. மீன் எண்டு பொதுவில் ஒன்று குறையிறதில்லை. ஓரா குறையும். கலவாய் குறையும். வேளா குறைஞ்சு குறைஞ்சு ஒரு நாள் இல்லாமலே போகும். அதே நேரத்தில் வேறு ஏதோ ஒன்று கூடவும் செய்யும். கிலோக் கணக்கில் பார்த்தால் ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும்.

அரசாங்கம் அப்படித்தான் பார்க்கிறது. கடற்றொழில் அமைச்சின் புள்ளிவிபரங்களில் நீண்டகாலமாகக் கடல் மீன் உற்பத்தி பத்துப் பன்னிரண்டு வரிசைகளுக்குள் அடக்கப்பட்டு வந்திருக்கிறது. அறக்குளா வகை, பாரை வகை, பலயா, கெலவல்லா, ஏனைய இரத்த மீன், சுறா, திருக்கை, கல்மீன், கரைவலை மீன், இறால், சிங்க இறால், கடைசியில் மற்றவை. இவ்வளவும்தான். பலயாவும் கெலவல்லாவும் சூரைக் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு இனங்கள். தென்கரையிலிருந்து போகிற பலநாட் படகுகள் பிடிக்கிற, கொழும்பில் விலை போகிற மீன்கள். அவைக்கு ஆளுக்கொரு வரிசை கிடைச்சிருக்கு. பாக்கு நீரிணையின் ஓராவும் ஒட்டியும் மணலையும் திரளியும் முரலும் காரலும் எந்த வரிசைக்குள் போகும்? சிலது கரைவலைக்குள், சிலது கல்மீனுக்குள், மிச்சமெல்லாம் ‘மற்றவை’க்குள். வடக்குக் கரையில் ஒரு வீட்டுச் சட்டிக்குள் வருசம் முழுக்க விழுகிற மீனில் பெரும்பகுதி அரசின் கணக்கில் பெயரில்லாதது. சிறுபான்மையாக இருப்பது எப்படி இருக்கும் எண்டு மீனுக்கும் இந்த நாடு காட்டிக்கொடுத்திருக்கு எண்டு ஒரு நண்பர் சொன்னார். பகிடிதான், ஆனால் முழுப் பகிடியும் இல்லை.

இந்த வரிசைகளுக்குள் என்ன நடக்கலாம் எண்டதுக்குத் திருக்கையை எடுப்பம். திருக்கை ஒரு மீன் இல்லை, அது ஒரு பெரிய கூட்டத்தின் பெயர். தாளம் போல வட்டமானது, சிறகு விரித்துப் பறப்பது போல நீந்துவது, புள்ளி போட்டது, முதுகு மண்ணிறமாய் அடியில் படுத்துக் கிடப்பது எண்டு அதற்குள்ளே எத்தனையோ. பெரும்பாலான திருக்கைகள் முட்டையை ஆயிரக்கணக்கில் கொட்டுகிற சாதி இல்லை. குட்டி போடும், அதுவும் ஒரு தடவைக்குக் கொஞ்சக் குட்டிதான். பெரிதாக வளரும் இனங்கள் பருவத்துக்கு வரவே பல வருசம் எடுக்கும். அதனால் வலையின் அழுத்தம் கூடும்போது பெரிய இனங்கள்தான் முதலில் விழும். சின்ன இனங்கள் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும். பெரியது போய்ச் சின்னது கூடினாலும் ‘திருக்கை’ வரிசையில் எண் பெரிதாக அசையாமல் நிற்கலாம். ஒரு இனம் கண்ணுக்கு முன்னாலேயே அழிஞ்சு போகும், தாளில் அது உயிரோட இருக்கும்.

கற்பனைக்குச் சொல்லவில்லை. வேளா எண்டொரு மீன் இருந்தது. மூக்கு நீண்டு, இரண்டு பக்கமும் பல் வைத்த வாள் போல இருக்கும். சுறா எண்டுதான் பலர் சொல்லுவினம். உண்மையில் அது திருக்கைக் கூட்டத்துக்குச் சொந்தக்காரன். பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்ட செய்தி வருகிறது. சுறாவுக்குக் கொம்பு ஏது? அது இந்த வேளாவின் வாளாகத்தான் இருக்கும் எண்டு நாங்கள் நினைக்கிறம். ரெண்டாயிரம் வருசம் தமிழ்க் கரையோரத்தில் தெய்வமாக இருக்கக்கூடிய அளவுக்குப் பெரிய உயிரி. இண்டைக்கு இலங்கைக் கடலில் வேளா அநேகமாக அழிந்துவிட்டது எண்டு ஆய்வாளர்கள் சொல்லுகினம். கரையோரத்து மூத்தவர்களுக்கு அதைக் கண்ட ஞாபகம் இருக்கிறது. இளைய மீனவர்கள் பலருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. நீண்ட மூக்கு வலையில் சிக்கினால் கழட்ட ஏலாது, அதுதான் அதன் கெட்ட காலம். அது போன வருசம் எது? எந்தப் புள்ளிவிபரத்திலும் இல்லை. சுறா வரிசையில் போனதோ திருக்கை வரிசையில் போனதோ எண்டுகூடச் சொல்ல ஏலாது.

இப்ப மற்றப் பக்கம். இனத்துக்கு இனம் வாழ்க்கை வேறு, அதனால் சாவும் வேறு. கொடுவாய் ஆணாகத்தான் பருவத்துக்கு வரும், வளர்ந்து பெரிசானபிறகு பெண்ணாக மாறும். கலவாய் இதற்கு நேரெதிர். பெண்ணாகத் தொடங்கி, பெரிசானதுகள் ஆணாகும். ஆகவே பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டே போனால் கொடுவாயில் முட்டையிடுகிற தாய்களைக் கொல்லுறம், கலவாயில் ஆண்களை இல்லாமலாக்குறம். ஒரே வலை, ஒரே ஆசை, ரெண்டு விதமான அழிவு. கடல் கெளிறு இன்னொரு கதை. பெண் இடுகிற முட்டையை ஆண் வாய்க்குள்ளே வைத்துப் பொரிக்கும். பட்டாணிக் கடலையை விடப் பெரிய முட்டைகள். அவ்வளவு நாளும் அது சாப்பிடாது. அந்த நேரத்தில் வளைத்துப் பிடித்தால் தகப்பனும் பிள்ளைகளும் ஒண்டாய்ப் போச்சு. காரலைப் பாருங்கோ, சந்தையில் ஆரும் திரும்பிப் பார்க்காத, முள்ளுக் கூடின, வழுவழுத்த வெள்ளிப் பொடி மீன். அதன் தொண்டைக்குள் ஒளிவிடுகிற பக்டீரியாக்களைக் குடிவைத்து, இருட்டுக் கடலில் வெளிச்சம் போட்டுக் காட்டுகிற மீன் அது. இந்தக் கடற்பகுதியில் காரலிலேயே பத்துக்கு மேலான இனங்கள் இருக்கின்றன. எங்களுக்கு அது கருவாட்டுச் சாமான்.

எங்கட கடலின் அமைப்பும் இந்தப் பல்வகைமைக்குக் காரணம். பாக்கு விரிகுடா ஆழமில்லாதது. பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீற்றர்தான். வெயில் அடி வரை போகும், அதனால் சாதாழை பரந்து வளரும். சாதாழை எண்டால் கடற்புல். தீவுப்பகுதித் தோட்டங்களுக்குப் பசளையாய்ப் போட்டது அதைத்தான். ஓராவும் ஒட்டியும் மேய்கிற புல்வெளி அது. இறால் குஞ்சும் கடற்குதிரையும் ஒளிக்கிற இடமும் அது. உள்ளே பரவைக் கடலில் உப்பு ஏறி இறங்கும், அங்க மணலை, திரளி. தீவுகளைச் சுற்றிச் சுண்ணக்கல்லும் பவளமும், அங்க கலவாயும் விளையும். வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் பக்கம் வெளிக்கடல், பாரையும் சீலாவும் அறக்குளாவும் வரும் வழி. முல்லைத்தீவுக்குப் போனால் நீண்ட மணற்கரை, கரைவலை, சூடையும் நெத்தலியும். பண்ணைப் பாலத்தடியில் விற்கிற மீனும் பருத்தித்துறையில் விற்கிற மீனும் ஒன்றில்லை. இடையில் ஒரு பஸ் ஓட்டந்தான்.

நல்ல ஒடியல் கூழுக்கு ஒரு மீன் போதாது எண்டது காய்ச்சத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். நண்டு, இறால், கணவாய், திருக்கைத் துண்டு, மீன் தலை, சின்ன மீன் நாலைந்து சாதி எல்லாம் விழவேணும். அந்தச் சட்டி ஒரு காலத்தில் பரவைக் கடலின் பதிவேடு. இப்ப கூழ் ‘ஸ்பெஷல்’ எண்டு உணவகத்தில் விற்கிறாங்கள், நண்டும் இறாலும் நாலு துண்டு அறக்குளாவும் போட்டு.

இந்தப் பெயர்கள் எங்களிட்டை ஏன் வந்து சேரவில்லை? இதைக் கதைக்காமல் சூழலியல் கதைக்கிறது எங்களுக்கு உடன்பாடில்லை. மீனைப் பற்றின அறிவு யாழ்ப்பாணத்தில் அறிவாக மதிக்கப்படவில்லை. அது கரையாரின்ர, முக்குவரின்ர, திமிலரின்ர சங்கதி எண்டு தள்ளி வைக்கப்பட்டது. மீனைத் தின்னுவம், மீன் விக்கிறவையைப் படலைக்கு வெளியில நிப்பாட்டுவம். ‘மீன் மணம்’ எண்டு வகுப்பில் ஒரு பிள்ளையை ஒதுக்கின கதைகள் எங்கட தலைமுறையிலும் உண்டு. தேவாரம் மனப்பாடம் செய்த பிள்ளைக்குப் பரிசு. வலையில் விழுந்த நாற்பது மீனை இருட்டிலே தடவிப் பார்த்தே பேர் சொல்லுகிற பிள்ளை ‘படிப்பு வராதது’. உயர்தரத்தில் உயிரியல் படிச்ச எங்களில் கனபேருக்கு என்பு மீன், கசியிழைய மீன் எண்டு இரண்டாகப் பிரிக்கத் தெரியும். அந்தக் கசியிழைய மீனைப் பிள்ளை பெத்தவைக்கு வறை செய்து குடுக்கிற பால்சுறா எண்டு அடையாளம் காட்ட வீட்டில அம்மம்மாதான் வேணும். பல்கலைக்கழகத்துக்குப் போனால் எல்லாம் ஆங்கிலமும் இலத்தீனும். ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் இலங்கையின் கடல் மீன்களுக்கு 1994 இல் ஓர் அடையாளக் கைந்நூல் வெளியிட்டது. சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் சேர்த்த நல்ல புத்தகம், ஆனால் ஆங்கிலப் புத்தகம். அதுபோல ஒண்டு தமிழில், படத்தோட, எங்கட துறைமுகப் பெயர்களோட எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இருக்கவேணும் எண்டு ஒரு தமிழ்க் கட்சியும் எந்த விஞ்ஞாபனத்திலும் எழுதி நாங்கள் பார்க்கவில்லை.

அதிகம் தெரிந்தவை பெண்கள் எண்டதையும் சொல்லவேணும். வலையிலிருந்து மீன் கழட்டுகிறவை, தரம் பிரிக்கிறவை, கருவாடு போடுகிறவை, சந்தையில் குந்தியிருந்து விக்கிறவை. ஒரு மீன் வராமல் விட்டதை முதலில் கவனிக்கிற கண் அது. எந்த ஆய்வுக் குழுவும் எந்தச் சங்கக் கூட்டமும் அவையிட்டைக் கேட்கிறதில்லை. சங்கத்தில் உறுப்புரிமை கடலுக்குப் போறவனுக்குத்தானாம்.

இனி இழுவைமடி. இந்திய இழுவைப் படகுகள் செய்கிற அழிவைப் பற்றி எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. 1960களிலிருந்து இறால் ஏற்றுமதிக்காக அரசே ஊக்குவித்து வளர்த்த தொழில், தன் பக்கக் கடலை வழிச்சுத் துடைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்து நிற்கிறது. பாரமான பலகைகளும் சங்கிலியும் அடித்தளத்தை உழுதுகொண்டு போகும். சாதாழை வேரோடு வரும், சின்னக் கண் மடிக்குள் குஞ்சும் குருமனும் வரும். இறாலையும் கணவாயையும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் ‘கழிவு மீன்’ எண்டு கோழித்தீன் மாவுக்கு அனுப்புவினம். அந்தக் கழிவுக்குள் எத்தனை இனம் இருந்தது எண்டு ஆருக்குத் தெரியும்? அவையின் வரிசைக்கும் ‘மற்றவை’ எண்டுதான் பெயர் போல. போர் முழுக்கப் பாஸுக்கும் நேரக் கட்டுப்பாட்டுக்கும் அடங்கிக் கரையில் கிடந்த வடபகுதி மீனவன் 2009 க்குப் பிறகு திரும்பக் கடலில் இறங்கினபோது, இரவில் அவனுடைய வலையையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போனது இந்தப் படகுகள்தான்.

ஆனால் எங்கட ஆட்களின் இழுவைப் படகுகள் பற்றி ஏன் குரல் தணிகிறது? 2017 யூலையில் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்து சட்டம் நிறைவேற்றியது. அதைத் தனிநபர் பிரேரணையாகக் கொண்டு வந்தது ஒரு தமிழ் உறுப்பினர், எம். ஏ. சுமந்திரன். அந்தச் சட்டத்தில் ‘இந்தியனுக்கு மட்டும்’ எண்டு எழுதியில்லை. குருநகரிலும் பேசாலையிலும் இருந்த உள்ளூர் இழுவைப் படகுகளுக்கும் அது பொருந்தும். மடி போகிற இடத்தில் கிடக்கிற ஓராக் குஞ்சு படகின் பதிவு எண்ணைப் பார்த்துச் சாகிறதில்லை. தங்கூசி வலையும் தடைசெய்யப்பட்டது, ஆனால் ஒளிவுமறைவில்லாமல் பாவனையில் இருக்கு. அறுந்து போன தங்கூசி கடலுக்கடியில் உக்காமல் கிடந்து வருசக்கணக்காக மீனைக் கொன்றுகொண்டிருக்கும். இதையெல்லாம் எழுதினால் ‘இந்தியாக்காரனுக்கு வக்காலத்து’ எண்டு ஒரு கூட்டம் வரும். வரட்டும். எங்கட ஆள் செய்தால் தொழில், மற்றவன் செய்தால் அழிவு எண்ட கணக்கை நாங்கள் ஏற்கத் தயாரில்லை. அதே நேரம், கடன் எடுத்துப் படகு வாங்கின முதலாளிக்கும் அதில் நாட்கூலிக்குப் போகிற தொழிலாளிக்கும் மாற்றுத் தொழிலும் நட்டஈடும் குடுக்காமல் சட்டத்தைத் தூக்கித் தலையில் போடுகிறதும் அநியாயம். அந்தக் காசைக் கேட்டுப் போராட வேண்டியவை எங்கட அரசியல்வாதிகள். அவைக்கு அறிக்கை விடுகிறது லேசு.

அரசாங்கத்தின் கற்பனை எப்படி ஓடும் எண்டால், 2021 யூனில் கழித்துவிட்ட பழைய பஸ்களை வடக்குக் கடலில் இறக்கி மீன் வளர்ப்பிடம் எண்டார்கள். இறக்கின பஸ்ஸுக்காவது எண் இருக்கு. பிறகு கடலட்டைப் பண்ணை. டொலர் இல்லாத காலத்தில் சீனாவுக்கு ஏற்றுமதி எண்டு ஆழமில்லாத கடலை வலையடித்துப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த ஆழமில்லாத இடந்தான் சாதாழை வெளி, மீன் குஞ்சின் தொட்டில், சிறகு வலைக்காரனும் களங்கண்ணிக்காரனும் தலைமுறையாகத் தொழில் செய்த இடம். 2022 இல் கிராஞ்சி மீனவர்கள் நாட்கணக்காக வீதியில் இருந்து கேட்டது இதைத்தான். வேலி போட முதல் அந்த இடத்தில் எந்தெந்த மீன் முட்டையிடுது, எந்த மாதத்தில் உள்ளே வருது, எப்ப வெளியே போகுது எண்டு எழுதின கணக்கு ஆரிட்டை இருக்கு? கணக்கு இல்லாத கடலை வெறுங்கடல் எண்டு சொல்லிக் குத்தகைக்குக் கொடுக்க வசதி.

“வயிற்றுப்பாட்டுக்குக் கஷ்டப்படுகிற சனத்துக்கு இனப்பல்வகைமை பற்றி வகுப்பெடுக்கிறீங்களோ?” எண்டு கேட்பினம். நியாயமான கேள்வி, ஆனால் தலைகீழாகக் கேட்கப்படுகிற கேள்வி. பல மீன் உள்ள கடல்தான் ஏழை மீனவனின் வங்கி. சூடை வராத மாதத்தில் முரல் வரும். சோளகத்தில் ஒரு பக்கக் கரை, வாடையில் மற்றப் பக்கம். ஒரு வீட்டில் நாலு விதமான வலை இருந்தது அதனால்தான். இண்டைக்கு வடக்கில் பலர் நீல நண்டு ஒன்றையே நம்பிக் கடலுக்குப் போகினம், விலையை வைக்கிறது ஏற்றுமதிக் கொம்பனி. 2020 இல் கொரோனாவால் ஏற்றுமதி தடைப்பட்டபோது அந்த நண்டின் விலை விழுந்து கிடந்தது. நாலு வலைக்காரனுக்கு அப்படி ஒரே நாளில் வீடு இருளாது.

நாங்கள் கேட்கிறது பெரிய காசு தேவைப்படாத வேலை. ஒவ்வொரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலும் மீன் இறங்கு துறையில் ஒரு பதிவுப் புத்தகம். அதில் ‘கல்மீன் 40 கிலோ’ எண்டு எழுதாமல் விளை இவ்வளவு, கலவாய் இவ்வளவு, ஓரா இவ்வளவு, நீளம் இவ்வளவு எண்டு எழுதவேணும். எழுதுகிற வேலையைத் தரம் பிரிக்கிற பெண்களுக்குச் சம்பளத்தோட கொடுக்கவேணும், ‘சமூக சேவை’ எண்டு சும்மா செய்விக்கக் கூடாது. பல்கலைக்கழக மாணவர் வருகிற ஆய்வுகளின் முடிவு தமிழில் அதே துறைக்குத் திரும்பி வரவேணும். பண்ணைக்கோ துறைமுகத்துக்கோ அனுமதி கேட்கிறவன் அந்தப் புத்தகத்தை முன்னால் வைத்துத்தான் கதைக்கவேணும்.

அதுவரைக்கும் நாங்களே தொடங்குறம். வாசிக்கிறவையும் சேரலாம். ஞாயிற்றுக்கிழமை விடிய உங்கட ஊர்த் துறைக்குப் போங்கோ, வாங்கப் போற மீனை மட்டும் பாராமல் வலையில் இருந்து கொட்டுப்படுகிற எல்லாத்தையும் படம் எடுங்கோ. திகதி, இடம், எந்த வலை எண்டு குறியுங்கோ. பேர் தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்கிற மூத்த ஆளிட்டைக் கேளுங்கோ. பேத்தை எண்டு சொன்னால் கறிக்குக் கொண்டு போகாதேங்கோ, நஞ்சு. ஒரே மீனுக்குப் பாசையூரில் ஒரு பேர், பேசாலையில் ஒரு பேர், வாழைச்சேனையில் இன்னொரு பேர் வரும். எது சரி எண்டு சண்டை பிடிக்க வேண்டாம், மூன்றையும் எழுதி அனுப்புங்கோ.